வெண்ணெய் ஆட்டுக்கு வந்த கதி

கோயிலில் மந்திரித்த சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு நடக்க ஒரு தூத்துக்குடிக்காரனால் முடியாது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் ரொட்டியும் பொரிகடலையும் கொண்டுபோய் வைப்போம். சாமியார் தீர்த்தம் தெளித்த கையோடு வாசலில் நின்று, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தால்தான் நேர்ச்சை நிறைவேறும். மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவனுக்குக் கஞ்சப் பயல் என்று பெயர். இந்த நல்ல பழக்கத்தால்தான் நான் அமெரிக்காவில் குடியிருந்த வீட்டை விட்டுத் துரத்தப்பட இருந்தேன்.

1998-ஆம் வருடம். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிடும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்ததால் எனக்கும் நியூ ஜெர்சியில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஆபீஸ் பார்சிப்பனியில். தங்கியது அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், போலந்துக்காரர்கள் நிறைந்த ஒரு சின்ன ஊரில், ஹெலினா என்ற விதவையின் வீட்டு மாடியில். என் பெயர் அந்தோணி என்றதும் அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஓர் 'அந்தோனி' உண்டாம். நான் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டது மட்டும் பிடிக்கவில்லை. "நான் உனக்கு ஆன்ட்டி இல்லை" என்று முதல் நாளே திருத்தினார். (நான் திருந்தவில்லை.)

ஆனால் சாப்பாடு போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே கதவு திறக்கும், ஒரு தட்டு நீளும். பியெரோகி என்று ஒன்று: அச்சு அசல் நம் கொழுக்கட்டை, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். முட்டைக்கோசு இலைக்குள் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைத்த ஒன்று. மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய ஷூரெக் என்ற சூப். முதல் வாயில் பழைய கஞ்சி மாதிரி இருந்தது, நாலாம் வாயில் இன்னொரு கிண்ணம் கேட்டேன். எதிலும் காரம் என்பது மருந்துக்கும் இல்லை. நான் மாடிக்குப் போய் எல்லாவற்றின் தலையிலும் எலுமிச்சை ஊறுகாயை வைத்துத்தான் சாப்பிட்டேன். ஒருநாள் நேரில் பார்த்துவிட்டு அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் என் மனைவி அமலிக்கும் கைக்குழந்தைக்கும் விசா கிடைத்தது. ஹெலினா ஆன்ட்டியோ மாடியை ஓர் ஆளுக்கு என்று பேசித்தான் வாடகைக்குக் கொடுத்திருந்தார். குழந்தை அழும், மிளகாய் வறுத்தால் திரைச்சீலையில் வாசம் ஏறும், தனக்கு வயதாகிவிட்டது என்று மூன்று காரணம் சொல்லிவிட்டு, "ஈஸ்டர் முடியட்டும், சொல்கிறேன்" என்றார். வேறு வீடு பார்க்கலாம் என்றால், கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய கணக்கைக் காட்டு என்பார்கள், அந்தக் 'கிரெடிட்' எனக்கு அமெரிக்காவில் இல்லை. அமலி போனில் தினமும், "அந்த அம்மா என்னங்க சொன்னாங்க?" என்பாள். "கிட்டத்தட்ட ஓகேதான்" என்பேன்.

ஈஸ்டருக்கு முன்னால் அவர் படியில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். அந்தக் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாவு பிசைந்து, கேக் போல உயரமாய் எழும்பும் பாப்கா ரொட்டியைச் சுட்டார். சனிக்கிழமை காலையில் ஒரு கூடையை என்னிடம் நீட்டினார். பாப்கா, சாயம் தீட்டிய முட்டைகள், பூண்டு மணக்கும் சாசேஜ், உப்பு, மூக்கில் சுரீரென்று ஏறும் குதிரைமுள்ளங்கி என்ற கிழங்கின் துருவல் ஒரு சீசா. நடுவில் வெண்ணெயில் வார்த்த ஓர் ஆட்டுக்குட்டி, மிளகுக் கண்ணோடும் கழுத்தில் சிவப்பு ரிப்பனோடும். மேலே கையால் பூப்போட்ட துணி. கோயிலில் சாமியாரிடம் மந்திரித்து வர வேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

கூட வேலை பார்த்த சேவியர் காரில் அழைத்துப் போனான். அவனும் எங்கள் ஊர்தான். சிறுவயதில் பூசைக்கு உதவியவன், ஆகவே தன்னைப் பாதிச் சாமியார் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். கோயில் ஹால் முழுக்கக் கூடைகள். சாமியார் வந்தார், செபித்தார், தீர்த்தம் தெளித்தார். உடனே எல்லாரும் துணியை இழுத்து மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

எனக்கு அதிர்ச்சி. இத்தனை பேரும் இப்படியா என்று இருந்தது. இவர்களுக்கு நடுவில் ஹெலினா ஆன்ட்டியின் பெயரையாவது காப்பாற்றுவோம் என்று நான் துணியை விலக்கினேன். சேவியர் சாவிக்கொத்தில் இருந்த கத்தியை விரித்தான்.

"ஏல, இன்னைக்கு நோன்புல்லா? சாசேஜ் கொடுக்கலாமா?" என்று எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது.

"மந்திரிச்சதுக்கு ஏதுல நோன்பு? நான் பூசைக்கு உதவினவன், எனக்குத் தெரியாதா?"

யாரிடம் நீட்டினாலும் வந்தது ஒரே பதில்: வேண்டாம், வேண்டாம். நம்மவர்கள் பந்தியில் சொல்கிற வேண்டாம்தானே என்று எண்ணி இன்னும் கிட்டப் போய் வற்புறுத்தினேன். ஒரு பாட்டியம்மா தன் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். குழந்தைகள்தான் நல்லவர்கள், முட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். மிச்சத்தோடு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். அங்கே எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நிற்கிற மாதிரியே நல்ல பசியுள்ள கூட்டம். பாப்கா துண்டு துண்டாகப் போயிற்று, சாசேஜ் வட்டம் வட்டமாகப் போயிற்று. ரொட்டியில் தடவ வேண்டும் என்று சேவியர் ஆட்டின் தலையைச் சீவினான்.

வீட்டுக்கு வந்து, "யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை, ஆன்ட்டி" என்று பெருமையோடு கூடையை அவர் மடியில் வைத்தேன். அவர் துணியைத் தூக்கினார். உப்பு இருந்தது. குதிரைமுள்ளங்கி இருந்தது. (பஸ் நிறுத்தத்திலும் அதற்கு ஆள் கிடைக்கவில்லை.) ஆட்டின் பின்பாதியும் வாலும் இருந்தன.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துணியைத் திரும்ப மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குக் காலையில் சிகாகோவிலிருந்து என் மகன் வருகிறான், அந்தோனி. இது எங்கள் ஈஸ்டர் காலைச் சாப்பாடு. அதுவரை நாங்கள் தொடவே மாட்டோம்."

பூமி பிளக்கவில்லை, பிளந்திருந்தால் சேவியரை முதலில் தள்ளிவிட்டு நானும் குதித்திருப்பேன். மாவுக்கட்டுக் காலோடு பிசைந்த ரொட்டியைப் பஸ் நிறுத்தத்தில் பங்கு வைத்தவனுக்கு எவள் வீடு கொடுப்பாள்? அமலியும் குழந்தையும் வந்து இறங்கிப் பெட்டியோடு ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. அதைவிட, அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் நெஞ்சை அறுத்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் என்று மதியமே போலந்துக் கடையை மூடுகிற நேரத்தில் போய் விழுந்தோம். சாசேஜ் கிடைத்தது, ஏதோ ஒரு ரொட்டி கிடைத்தது, வெண்ணெய் ஆடு தீர்ந்துவிட்டது. முட்டைகளை அவித்து மஞ்சள்தூளில் முக்கினேன். ஆட்டை நானே செய்தேன். வெண்ணெய் கைச்சூட்டில் இளகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முகம் தொங்கித் தொங்கி மூக்கு நீண்டது, காதுகள் படர்ந்தன. மிளகுக் கண்ணை வைத்ததும் அது என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

பிற்பகலில் இன்னொரு முறை மந்திரிப்பு இருந்தது. சாமியாருக்கு என்னை அடையாளம் தெரிந்திருந்தது. தீர்த்தம் தெளித்துவிட்டு என் தோளைத் தொட்டு, "இதை நேராக வீட்டுக்கு" என்றார். சேவியருக்கும் தனியாக ஒருமுறை சொன்னார்.

மறுநாள் காலை கண்ணில் படாமல் வெளியே நழுவப் பார்த்தவனை ஹெலினா ஆன்ட்டி மேசைக்குக் கூப்பிட்டார். மகன் மாரெக் பனைமரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். நடுவில், முந்தின நாள் நான் மந்திரித்துக் கொண்டுவந்த கூடை. ஆன்ட்டி மஞ்சள் முட்டை ஒன்றை எடுத்து உரித்துத் துண்டு போட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்து, நல்லா இரு என்று வாழ்த்தினார். எனக்கும் கொடுத்தார்.

"நாங்களும் பங்குதான் வைப்போம்" என்றார். "நீ ஒரு நாள் முன்னாலேயே அவசரப்பட்டுவிட்டாய்."

மாரெக் வெண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், இந்தியாவில் ஈஸ்டருக்கு யானை வைப்பீர்களா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். ஆடு என்றேன். அம்மாவும் மகனும் சிரித்த சிரிப்பில் குதிரைமுள்ளங்கி சீசா கவிழ்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆன்ட்டி, குழந்தைக்கு வெண்ணெய் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்று வேகமாகத் தலையாட்டினேன். அன்றைக்கு அமலியிடம் முதல் முறையாகப் பொய் கலக்காமல் "ஓகே" என்றேன்.

அடுத்த வருடம் ஈஸ்டர் சனிக்கிழமை அவர் சமையலறையில் இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்று வீட்டுக்கு, இன்னொன்றில் நிறைய ரொட்டியும் சாசேஜும். "இது உன் பஸ் நிறுத்தத்துக்கு" என்றார். "ஆன்ட்டி சொல்கிறேன், மாற்றிவிடாதே."

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு. என் மகள் வளர்ந்து காரும் ஓட்டுகிறாள். இன்றும் இரண்டு கூடைதான் போகிறது. நடுவில் மூக்கு நீண்ட வெண்ணெய் ஆட்டை நான்தான் செய்ய வேண்டும், அது வீட்டுச் சட்டம். மந்திரித்து முடிந்ததும் "Appa, that one's yours" என்று மகள் ஒன்றை என் பக்கம் தள்ளுவாள். வீட்டுக் கூடையை மட்டும் இன்றுவரை என் கையில் யாரும் கொடுத்ததில்லை.