சங்கிலி ஜெபமும் இரண்டு ஆடுகளும்

ஜெபத்தில் கண்ணைத் திறக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. பக்தி இல்லாமல் இல்லை. வேறு யாரெல்லாம் திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். (திறந்தவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க முடியாது என்பது இதில் உள்ள வசதி.) ஆனால் தென்காசியில் எங்கள் சபையின் பெரிய டீச்சர் ஒருநாள் என்னைப் பிடித்துவிட்டார். நான் கண்ணைத் திறந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க அப்போது தைரியம் வரவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். அப்பா நோயில் படுத்துவிட்டதால் வீட்டில் என்னைத்தான் நம்பியிருந்தார்கள். மிஷன் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்குத் தலைமையாசிரியை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தலைமையாசிரியை வேறு யாருமல்ல, அதே பெரிய டீச்சர். அவர் சொன்ன வார்த்தையோ இப்படி இருந்தது: "யாரு, சுகிர்தமா? ஒரு நிமிஷம் கண்ண மூடி நிக்கத் தெரியாத பிள்ள. அதை நம்பி வகுப்ப எப்படி விடுதது?"

இந்த நிலையில்தான் சங்கிலி ஜெபம் வந்தது. சபையார் அத்தனை பேரும் ஒரே பந்தியில் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆலயத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். ஒருவர் ஆமென் சொன்னதும் அடுத்தவர் தொடங்குவார். சபையை நடத்தும் உபதேசியார் கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த ஆள் வராம யாரும் ஆமென் சொல்லக் கூடாது. ஜெபத்துல இருக்கவங்கள யாரும் தொந்தரவு பண்ணவும் கூடாது." இந்த இரண்டு சட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

எனக்குப் பத்து மணி. எனக்கு அடுத்து மேலகரம் ஞானத்தாய் அக்கா. என்ன ஆனாலும் கண்ணைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். தூக்கம் வராமல் இருக்க வாய்விட்டே ஜெபித்தேன்.

எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு நாட்டை ஆளுகிறவர்களுக்காக, வடகரை நெல்வயலுக்காக, திருவேங்கடத்துக் காட்டில் மழைக்காக, ரயில்வே போர்ட்டர்களுக்காக வேண்டினேன். பின்னால் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. யாராக இருக்கும்? கண் இமை துடித்தது. அடுத்த ஆள் வந்திருந்தால் தோளைத் தொடமாட்டாரா? ஆலய வாசலில் எப்போதும் ஆடு மேயும். ஆடுதான் உள்ளே வந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

பகல் வண்டி ஊதிக்கொண்டு செங்கோட்டைப் பக்கம் போயிற்று. அப்படியானால் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அக்கா எங்கே? அன்று காலையில்தான் சாரல் தொடங்கியிருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஆண்டவரே, ஞானத்தாய் அக்காவ மன்னியும். அருவியில தண்ணி விழுதுன்னு கேட்டாப் போதும், அக்காவுக்கு உம்ம ஞாபகமே வராது. இந்நேரம் குற்றாலத்துல தலை நிறைய எண்ணெயத் தேச்சுக்கிட்டு நிப்பா. போன வருஷம் என் புதுக் குடையையும் அங்கனதான் தொலைச்சா. அதையும் மன்னியும்."

ஆடு தும்மியது. இன்னொரு சரசரப்பு. இரண்டாவது ஆடு, கொஞ்சம் பெரிது.

"பெரிய டீச்சருக்கும் இளகின மனசக் கொடும். நான் கண்ணத் திறந்தத அவங்க பாத்தாங்கன்னா, அவங்களும் திறந்துதானே இருந்திருக்கணும்? இத நீரே அவங்ககிட்டச் சொல்லும். நான் சொன்னா வேலை கிடைக்காது. பின்னால வந்து நிக்கிற ரெண்டு ஆட்டையும் ஆசீர்வதியும்."

அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் மரத்துப்போயிருந்தது. அப்பாவை நினைத்ததும் அழுகை வந்தது. யாரும் வரப்போவதில்லை, எழுந்து போனால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் போகத் தோன்றவில்லை. அது பயமா, வீம்பா, பக்தியா என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். மூன்றும் இருந்திருக்கும்.

"ஆண்டவரே, என்கிட்ட வார்த்தை தீந்து போச்சு. ஆனா எந்திரிச்சுப் போகமாட்டேன். இங்கனயேதான் இருப்பேன்."

"ஏட்டி, ஆமென்னு சொல்லித் தொலையேன்! பதினோரு மணியில இருந்து உனக்குப் பின்னால முட்டு போட்டுக்கிட்டுக் கெடக்கேன்!"

திரும்பினேன். ஞானத்தாய் அக்கா. தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பக்கத்தில், பன்னிரண்டு மணி முறைக்கு வந்த பெரிய டீச்சர், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. வாசலில், ஒரு மணி முறைக்கு வந்த உபதேசியார். அவர்கள் என் ஆமெனுக்கும், நான் அவர்கள் வரவுக்குமாகக் காத்துக் கிடந்திருக்கிறோம். எனக்கு ஆமென் வரவில்லை, "ஐயோ" என்றுதான் வந்தது. (உபதேசியார் அதையே ஆமெனாக ஏற்றுக்கொண்டு, சங்கிலி அறுவதற்குள் ஓடிவந்து முழங்காலில் நின்றார்.)

எனக்கோ எழ முடியவில்லை. இரண்டு ஆடுகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை வெளியே கொண்டுவந்தன. வேலை போயிற்று என்றே நினைத்தேன். பெரிய டீச்சர் என் காதருகில் குனிந்தார்.

"அன்னைக்கு நானும் திறந்துதான் இருந்தேன்" என்றார் மெதுவாக. பிறகு உரக்க, "மூணு மணி நேரம் முட்டு போட்டு நிக்கிற பிள்ளைய வேற எங்க போய்த் தேட? திங்கக்கிழம பள்ளிக்கூடத்துக்கு வா. அங்க மட்டும் கண்ணத் திறந்து வச்சுக்க."

மறுநாள் அசனப் பந்தியில் ஞானத்தாய் அக்கா எனக்கு மட்டும் பரிமாறாமல் தாண்டிப் போனாள். போனவள் திரும்பி வந்து, முறைத்துக்கொண்டே இரண்டு கரண்டி கறி கூடுதலாக வைத்தாள்.

இத்தனை வருஷம் விசுவாசத்தில் எப்படி நிலைத்திருந்தீர்கள் என்று இப்போது சபைப் பெண்கள் கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல? யாருமே இல்லை என்று நான் அழுத போதெல்லாம் எனக்குப் பின்னால் யாராவது முழங்காலில் இருந்திருக்கிறார்கள். நான்தான் ஆடு என்று நினைத்துவிட்டேன்.

வீட்டில் என் ஜெபம் நீண்டுபோனால் மகள் தோளைத் தட்டி, "அம்மா, ஆடு வந்தாச்சு" என்பாள். உடனே ஆமென் சொல்லிவிடுவேன். அவள் கை நீள்வது எனக்கு முன்னமே தெரியும். ஒற்றைக் கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பேன்.