முளைத்த கை

கணினியின் சரிபார்ப்பு அறிக்கை மறுபடியும் சிவப்பாகவே வந்தது.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஒரு புரதத்தை எடுத்த மங்கலான படங்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலிருந்தும் தனியாக ஒரு முப்பரிமாண வரைபடம் செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் வந்தால்தான் வரைபடத்தை நம்புவார்கள். ஆராய்ச்சி மாணவியான அவளுடைய இரண்டு பாதியும், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை போகாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகிவிடும். ஏழு வருடம்.

"படத்துல இருக்கற இரைச்சலை, அந்தப் புள்ளிக் குப்பையை வடிகட்டும்மா" என்றார் பேராசிரியர்.

வடிகட்டினாள். வரைபடம் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டது. அதில் பொருத்திய புரத மாடலின் அணுக்கள் பாதி வெளியே தொங்கின. உள்ளே தள்ளினாள். ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அறிக்கையில் நாற்பதாக இருந்த சிவப்புப் பிழைக்குறிகள் இருநூற்றுப் பத்து ஆயின.

அண்ணன் போன் செய்தான்.

"இன்னும் அதே புரதமா?"

"அதேதான்."

"என் பொண்ணு பொறந்து, நடந்து, ஸ்கூலுக்கே போயிட்டா. உன் புரதம் எப்பதான் ஒரு வழிக்கு வரும்?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை?"

வியாழனன்று பேராசிரியர் பொறுமையிழந்தார். "இதே புரதத்துக்குப் பத்து வருஷம் முன்னாடி நான் செஞ்ச மேப் இருக்குல்ல? அதை வழிகாட்டியாக் குடு. ரெண்டு பாதிக்கும்."

"ரெண்டுக்கும் ஒரே வழிகாட்டின்னா அது சோதனையே இல்லையே, சார்."

"என்ன முணுமுணுக்கற?"

"ஒண்ணுமில்ல, சார்."

கொடுத்தாள். இரண்டு பாதியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்து நின்றன. அறிக்கை முழுக்கப் பச்சை. அணு பிசகாமல் பேராசிரியரின் பழைய புரதம். வலது பக்கம் கை மாதிரி நீளமாக நீட்டிக்கொண்டு ஒரு பகுதி.

"சார், இந்தக் கை இருக்கக் கூடாது."

"ஏன்?"

"கை இல்லாட்டி புரதம் எப்படி இருக்கும்னு பாக்கறதுதானே என் ஆராய்ச்சி? அதை வெட்டினதே நான்தானே."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ மறுபடியும் முளைச்சிருக்கு!"

"புரதத்துக்குக் கை முளைக்காது, சார்."

"பச்சை வந்திருக்கா, இல்லையா?"

"வந்திருக்கு."

"அப்புறம் என்ன? அறிக்கையை விட உனக்கு அதிகம் தெரியுமா?"

ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு, 'தெரியும்' என்று சொல்லத் தோன்றியது. கட்டுரையின் தலைப்பை மட்டும் மாற்றினாள்: 'தன்னைத்தானே சீரமைக்கும் புரதம்'.

வெள்ளி மதியம் கட்டுரை போனது. பேராசிரியர் அவளுடைய ஆராய்ச்சிப் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டார். துறையே கைதட்டியது. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் கைதட்டினாள், வேறு யாருக்கோ தட்டுவது போல.

வராந்தாவில் மைக்ராஸ்கோப் ஆபரேட்டர் அவளை நிறுத்தினார். தடிமனான கையுறையைக் கழற்றாமலே தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம், இப்பதான் லேபிளைப் பாத்தேன். உங்க சாம்பிள் இன்னும் நைட்ரஜன் டேங்க்லதான் இருக்கு. உங்களுக்கு அனுப்பின படம் அத்தனையும், மெஷினைச் சரிபாக்க நான் எடுத்த வெறும் தண்ணி."