நாலு மல்லாட்டைக்கு ஒரு காது

“இது யார் காது? ஏம்மா சாவித்திரி, கண்ணாடியப் போட்டுகினு நல்லாப் பார்த்துச் சொல்லு. இது யார் காது?”

“புடவைல காது எங்கண்ணா வரும்? மாங்காயா இருக்கும்.”

“மாங்காய்க்கு மச்சம் இருக்குமா?”

முகக்கவசத்தை ஒரு பக்கம் கழற்றி, காலை எட்டு மணிக்கு நடுத்தெருவில் தன் இடது காதை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றார் எதிர்வீட்டுத் தங்கவேலு அண்ணன். கையில் போன். போனில் ஒரு விசைத்தறிப் புடவையின் படம். ‘புது வரவு! மல்லாட்டை பார்டர்!’ அவ்வளவு ஆத்திரத்திலும் ஆறடி இடைவெளியை மட்டும் அவர் மீறவில்லை. எங்கள் தெரு அப்படிப்பட்ட தெரு.

அதை அப்படி ஆக்கியவள் நான். தனிமனிதத் தகவல்களைக் காப்பாற்ற உலகத்தில் எத்தனையோ சட்டங்கள் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் கொரோனா இரண்டாம் அலையில், ஆரணியில், எங்கள் வீட்டு மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதிய சட்டத்துக்கு அவை எதுவும் உறை போடக் காணாது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

சுகாதாரப் பணிக்கு வந்த பெண் ஒரே ஒரு வரிதான் சொன்னாள்: “தெருவுல யாருக்காச்சும் ஜுரம்னா ஒரு போன் பண்ணுங்கக்கா.” என்னைப் போன்றவளிடம் அப்படி ஒரு வரியைக் கொடுக்கலாமா? மறுநாளே ‘தெரு நலக் கண்காணிப்பு டிஜிட்டல் குழு’ வாட்ஸப்பில் உதயமானது. அட்மின், நான். துணை அட்மின், என் வீட்டுக்காரர் சந்திரமோகன். அவருக்கு இது இன்னும் தெரியாது.

எங்கள் தெருவில் எந்தக் கம்பெனி சிம்மிலும் நெட் எடுக்காது. வைஃபை எங்கள் வீட்டில் மட்டும்தான். மகன் பெங்களூர் வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் எங்கள் காம்பவுண்டுச் சுவரோரம் பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆனது. பாஸ்வேர்டை இலவசமாகத்தான் கொடுத்தேன். ஒரே நிபந்தனை, தினமும் படிவம் நிரப்ப வேண்டும். வீட்டுக்கு யார் வந்தார்கள்? எத்தனை மணிக்கு? என்ன பேசினார்கள்? இன்றைக்கு என்ன குழம்பு? (வாசனை தெரிகிறதா என்று மருத்துவ ரீதியாக அறிய.) முன்பெல்லாம் இவ்வளவையும் தெரிந்துகொள்ள நான் குழாயடியில் இரண்டு மணி நேரம் கால்கடுக்க நிற்பேன். தொழில்நுட்பம் என் மூட்டுவலியைத் தீர்த்தது.

தெருவே ஒன்றும் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்தியது. தங்கவேலு அண்ணன் மகள் தேவிப்ரியா மட்டும் கடைசி வரி வரை படித்தாள். பி.காம். கடைசி வருஷம்.

“அத்தை, நாலாவது விதியில, ‘தகவல்கள் எங்கள் குடும்பத்தையும் கிளைக் குடும்பங்களையும் விட்டு வெளியே போகாது’ன்னு போட்டுகீறீங்களே. கிளைன்னா யார் யாரு?”

“அதெல்லாம் சட்ட பாஷைம்மா. உனக்கு நாளைக்கு ஆன்லைன் பரீட்சை இல்ல?”

பரீட்சை இருந்தது. அழுத்தினாள். சம்மதம் என்பது இப்படித்தான், எந்த வற்புறுத்தலும் இல்லாமல் பெறப்பட வேண்டும்.

அவளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை தென்னரசு, வெம்பாக்கம் பக்கம், மல்லாட்டை போடுகிற குடும்பம். வேர்க்கடலை என்று சொன்னால் அங்கே பொண்ணு எடுக்க மாட்டார்கள். கைத்தறியில் பட்டு நெய்கிற தங்கவேலு அண்ணன் தன் மகளுக்காக ஒரு பார்டர் யோசித்தார். கொடியில் தொங்கும் மல்லாட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு பருப்பு, மாப்பிள்ளையும் பெண்ணும் மாதிரி. உலகத்தில் யாரிடமும் இல்லாத புடவையில் அவள் மணையில் உட்கார வேண்டும். அட்டை குத்துகிறவரிடம் கொடுத்தால் டிசைன் வெளியே போய்விடும் என்று, தறிக்குப் பூவின் வடிவத்தைச் சொல்லும் அந்த ஓட்டை அட்டையைக்கூட அவரே குத்தினார். எங்கள் ஊர் வழக்கப்படி வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தறிமேல் துணி விழுந்துவிடும். கறிவேப்பிலை கேட்டுப் பதினோரு முறை போயிருக்கிறேன். பதினோரு முறையும் கறிவேப்பிலைதான் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து அவருக்கு ஜுரம். பதினாலு நாள் தனிமை. வீட்டிலேயே இருப்பதை நிரூபிக்கக் காலை எட்டு மணிக்குக் குழுவில் செல்ஃபி போட வேண்டும். இதுவும் என் விதிதான். ஜுரம் விட்ட நாளிலிருந்து தறிக்குழியில் உட்கார்ந்தபடியே எடுத்து அனுப்பினார். அவருக்குச் செல்ஃபி பிடிபடவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு காது, மீதி முழுக்கத் தறி. அடையாளத்துக்குக் காதே போதும் என்று கருணையோடு விதியைத் தளர்த்தினேன்.

“ஏண்ணா, அப்ப துணி மூடலையா?” என்று நடுத்தெருவில் கேட்டேன்.

“மனுசங்க வந்தா மூடுவேன். போனு வந்தா மூடணும்னு எவனுக்குத் தெரியும்?”

நியாயமான பதில். உடனே விசாரணைக் கமிஷன் அமைத்தேன். தலைவர் நான், சாட்சி நான், குற்றம் சாட்டப்பட்டவர் என்று யாரும் இல்லை. விசாரணையில் தெரியவந்தது இவ்வளவுதான். ‘எங்கள் தெருவின் கட்டுப்பாட்டைப் பாரீர்’ என்று பெருமையாக எழுதி அந்தச் செல்ஃபியை எங்கள் குடும்பக் குரூப்பில் போட்டது நான்தான். அதில் நாற்பத்து மூன்று பேர். ஒருவன் என் தம்பி பலராமன். அவனுக்கு நாலு விசைத்தறி. படத்தைப் பார்த்துவிட்டுக் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பியிருந்தான். என் சமூக சேவைக்கு என்று நினைத்துவிட்டேன்.

அவனுக்குப் போன் போட்டேன். “ஏன்டா, பார்டர்ல காதை எதுக்குடா போட்ட?”

“அது காதாக்கா? முந்திரின்னு நினைச்சேன்! நாலு மல்லாட்டைக்கு ஒரு முந்திரி. அதுக்குத்தான்க்கா ஜனங்க அடிச்சுக்குது. மச்சத்துக்குத் தனியா ஜரிகை உட்ருக்கேன், பார்த்தியா?”

ஸ்பீக்கரில் தெருவே கேட்டது. தகவல் கிளைக் குடும்பத்தைத் தாண்டவில்லை, ஆகவே விதிமீறல் இல்லை என்று தீர்ப்பு வாசித்தேன். தங்கவேலு அண்ணன் கழற்றிய முகக்கவசத்தைக் காதில் மாட்டப் பார்த்தார். இரண்டு தடவை நழுவியது.

“வேற ஒண்ணு நெய்ய நாள் இல்லியேம்மா” என்றார் மகளிடம்.

“இதையே கட்டிக்கிறேம்பா. பேஜார் பண்ணிக்காத. உள்ள வா.”

ஆவணியில் ஐம்பது பேருக்கான அனுமதியோடு கல்யாணம் நடந்தது. வந்த பெண்களில் ஒன்பது பேர் மல்லாட்டை பார்டர். விசைத்தறிப் புடவை, விலை சல்லிசு. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி மணப்பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “இன்னாடி, பொண்ணு புடவைல முந்திரியே காணோம்? டூப்ளிகேட்ட வாங்கி ஏமாந்துட்டாங்க போல.”

தங்கவேலு அண்ணன் காதில் அது விழுந்தது. தட்டில் இருந்த தேங்காயைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

நானும் அந்தப் பார்டர்தான் கட்டியிருந்தேன். உள்ளூர்த் தொழிலை ஊக்குவிக்க. தம்பி சும்மா கொடுத்தான்.

சாயங்காலம் வெம்பாக்கத்துக்குக் கார் கிளம்பும்போது தேவிப்ரியா என் காலில் விழ வந்தாள். குனிந்தவள், என் புடவைக் கரையைக் கையில் எடுத்து, அந்தக் காதையும் மச்சத்தையும் கட்டை விரலால் ஒருமுறை தடவினாள்.

“அத்தை, தெருவுல எங்க எல்லார் வீட்டுலயும் இத்தினி நாளா இருந்தது உங்க காது. பாவம், பார்டர்ல மட்டும் எங்கப்பா காதைப் போட்டுட்டாங்க.”

கார் வளைவைத் திரும்புவதற்குள் என் போன் அதிர்ந்தது. தேவிப்ரியா குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். தங்கவேலு அண்ணன் இப்போது தறியை மூடுவதில்லை. என் வீட்டைப் பார்த்த ஜன்னலைத்தான் மூடி வைத்திருக்கிறார்.