நாற்பத்திரண்டு, உள்ளேன் ஐயா

“நாற்பத்திரண்டு!”

“உள்ளேன் ஐயா!” என்றான் பூனை, தொண்டையைக் கனைத்து, குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டு.

சற்று முன் “பதினேழு!” என்று கூப்பிட்டபோதும் அவன்தான் உள்ளேன் ஐயா சொன்னான். அது அவனுடைய சொந்த நம்பர், சொந்தக் குரல். நாற்பத்திரண்டு அவனுடைய அறைத்தோழன் தலையணையின் நம்பர். தலையணை அந்நேரம் விடுதி அறையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர் முதல் வாரத்தைத் தாண்டாது. ஓசையில்லாமல் வந்து ஓசையில்லாமல் போகிறவன் பூனை ஆனான். எங்கே சாய்ந்தாலும் உறங்கிவிடுகிறவன் தலையணை ஆனான். வரலாற்றுப் பேராசிரியர் ஒல்லி, நெட்டை, மணியடிக்கும்போது வகுப்பு வாசலில் நிற்பார். அதனால் அவர் மணிக்கூண்டு. அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிற அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கலாம்.

மணிக்கூண்டு வருகை எடுக்கும்போது தலையை நிமிர்த்த மாட்டார். மூத்த மாணவர்கள் இளைய மாணவர்களுக்கு விட்டுப்போகிற சொத்துகளில் முக்கியமானது இந்தத் தகவல். ஆகவே படிக்கட்டு போல உயர்ந்துகொண்டே போகும் அந்தப் பெரிய கூடத்துக்குப் பாதிப் பேர் வெறும் குரலாக மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். மேலே ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் புறாக்களின் வருகை அவர்களுடையதைவிட ஒழுங்கு.

அன்றைக்குப் பார்த்து அவர் நிமிர்ந்தார்.

“நாற்பத்திரண்டு, எழுந்திரு.”

பூனை எழுந்தான். எழுந்து நிற்பது பதினேழா நாற்பத்திரண்டா என்று அவன் கால்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“வரலாற்றை எழுதறது யாரு?”

பூனை இதுவரை எந்த வகுப்பிலும் வாயைத் திறந்தவன் இல்லை. கேள்வி என்று வந்தால் முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிடுவான். பதிலெல்லாம் மனத்துக்குள் ஜோராக வரும். வந்து பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். ஆனால் இப்போது கேட்பது அவனை அல்லவே! தப்பாகச் சொன்னால் தலையணையின் மானம்தான் போகும். அந்தத் தைரியத்தில் சொன்னான்.

“அங்க இருந்தவன் இல்ல சார். இருந்தேன்னு சொன்னவன்.”

வகுப்பே சிரித்தது. மணிக்கூண்டு சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவனை ஆற அமரப் பார்த்தார்.

“ரொம்பச் சரி. நாளையிலேருந்து நீ முன் பெஞ்ச்சுல உட்காரு.”

அறைக்கு வந்து பூனை விஷயத்தைச் சொன்னபோது தலையணை போர்வையிலிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டினான்.

“பரவாயில்லையே! நான் அவ்வளவு நல்லாவாடா பதில் சொன்னேன்?”

மறுநாள் முன் பெஞ்ச். மணிக்கூண்டின் மேசைக்கும் பூனையின் மூக்குக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை.

“பதினேழு!”

பூனை வாயைத் திறந்தான். மணிக்கூண்டு நிமிர்ந்து அவனையே பார்த்தார்.

“என்ன நாற்பத்திரண்டு, கொட்டாவியா? ரொம்பக் கண் முழிச்சுப் படிக்காதே.”

பூனை வாயை மூடிக்கொண்டான்.

“பதினேழு! வரலையா? சரி.”

பேனா கரகரவென்று ஒரு கோடு கிழித்தது. அந்தச் சத்தம் தன் நெஞ்சுக்குள் கேட்டது போல இருந்தது பூனைக்கு.

அன்றிலிருந்து கதை இப்படித்தான் ஓடியது. தினமும் குளித்து, தலை வாரி, மணிக்கு முன்பே வந்து உட்காருகிற பூனை வகுப்புக்கே வராதவன் ஆனான். படுத்த படுக்கையாகக் கிடந்த தலையணை வகுப்பின் முதல் மாணவன் ஆனான். கருத்தரங்கில் தலையணை பேசினான். விவாதத்தில் தலையணை ஜெயித்தான். மற்ற மாணவர்கள் விஷயம் தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அவரவர் குரலும் யாரோ ஒருவனுக்கு இரவலாகப் போய்க்கொண்டிருந்ததே!

பூனைக்கு இதில் ஒரு ரகசிய சந்தோஷமும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டாக இருக்கும்போது அவனுக்குப் பேச வந்தது. நினைத்ததை நினைத்த மாதிரியே சொன்னான். ஒரு தடவை மணிக்கூண்டையே மறுத்துப் பேசிவிட்டு, அட, நானா இது என்று வியந்தான். அடுத்த நிமிஷமே, நான் இல்லையே, தலையணை அல்லவா என்று சுருங்கிப்போனான். பதினேழு என்று கூப்பிட்டதும் கூடத்தில் விழுகிற அமைதியைக் கேட்பது அவனுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. தான் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று உயிரோடு உட்கார்ந்து பார்க்கிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது.

இதற்கு மேல் அப்பா வேறு.

அப்பா ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். படித்தது இதே பல்கலைக்கழகத்தில், இதே துறையில். துறை வராந்தாவில் ஒரு பெரிய மரப்பலகை உண்டு. ஒரு வகுப்புகூடத் தவறாமல் வந்து படிப்பை முடித்தவர்களின் பெயர்களை அதில் பொன் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் அப்பாவின் பெயரும் இருந்தது. போனில் அம்மா “சாப்பிட்டியா?” என்று கேட்பாள். அப்பா “அட்டெண்டன்ஸ் எப்படி?” என்று கேட்பார்.

“என் காலத்துல காய்ச்சல்னாலும் போவேன். மழைன்னாலும் போவேன். பலகையைப் பார்க்கறே இல்ல?”

“பார்க்கறேன்பா.”

“அந்தப் பேரைக் காப்பாத்து.”

இத்தனை பேசுகிறவர், அந்தக் காலத்தில் உங்களுக்கு என்னப்பா பட்டப்பெயர் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

பருவத்தேர்வு நெருங்கியது. ஒரு நாள் மணிக்கூண்டு வருகைப் பதிவேட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார். “இந்தப் பதினேழு யாருப்பா? ஆளையே காணோம். இப்படியே போனா பரீட்சை எழுத முடியாது, ஒரு வருஷம் போயிடும். நாற்பத்திரண்டு, நீ அவனுக்கு நண்பன்தானே? கொஞ்சம் புத்தி சொல்லக்கூடாதா?”

“சொல்றேன் சார்” என்றான் பூனை.

மணிக்கூண்டு சும்மா மிரட்டுகிறவர் இல்லை. அவரே மாணவராக இருந்தபோது வருகை குறைந்து ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டவர் என்று ஒரு வதந்தி உண்டு. மணியடித்தால் வாசலில் நிற்கிற மனிதரைப் பற்றி இப்படியொரு கதையா என்று யாரும் அதை நம்பவில்லை.

பூனை அறைக்கு ஓடினான். போர்வையை உருவி எறிந்தான்.

“எழுந்திருடா! இன்னியிலேருந்து நீ வகுப்புக்கு வரணும்.”

“நான்தான் தினம் வர்றேனே.”

“நீ நானா வரணும். நான் நீயா முன்னாடி உட்கார்ந்திருப்பேன். பின் பெஞ்ச்சுல நீ, பதினேழு. நம்பர் கூப்பிட்டா உள்ளேன் ஐயா சொல்லு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

தலையணை யோசித்தான். “அப்ப நமக்குள்ள யாருடா யாரு?”

“அதெல்லாம் பரீட்சைக்கப்புறம் பார்த்துக்கலாம். கிளம்பு.”

முதல் நாள் ஒருவழியாக ஒப்பேறியது. இரண்டாம் நாள் தலையணை பின் பெஞ்ச் சுவரில் சாய்ந்தான். சாய்ந்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். பதினேழு என்று கூப்பிட்டபோது மெல்லிய குறட்டைதான் பதிலாக வந்தது. பக்கத்தில் இருந்தவன் விலாவில் ஓங்கி ஒரு குத்து விட்டான். தலையணை கண் திறப்பதற்குள் வருகை எங்கேயோ போய்விட்டது.

“நாற்பத்திரண்டு!”

“உள்ளேன் ஐயா!” என்றான் முன் பெஞ்ச்சிலிருந்து பூனை.

“உள்ளேன் ஐயா!” என்று துள்ளி எழுந்தான் பின் பெஞ்ச்சிலிருந்து தலையணை. பாவம், வாழ்நாளில் முதல்முறையாக அவன் உண்மை சொன்னான்.

புறாக்கள் படபடத்துப் பறந்தன.

“பழைய கட்டடம்” என்றார் மணிக்கூண்டு நிதானமாக. “எதிரொலி நல்லா கேக்குது. பின்னாடி யாருப்பா அது?”

“ப... பதினேழு சார்.”

“வர்றதே அபூர்வம். வந்தாலும் தூக்கம். உன் நம்பரே உனக்குத் தெரியலை. உங்கப்பாவை வரச்சொல்லு.”

தலையணை தோளைக் குலுக்கிக்கொண்டான். அவனுக்கென்ன, வரப்போவது பூனையின் அப்பா. பூனைக்குத்தான் முன் பெஞ்ச் கீழே இறங்கிப்போவது போல இருந்தது.

“கவலைப்படாதே” என்றான் தலையணை, அறைக்கு வந்ததும். “நம்ம விடுதிச் சமையல்காரர் இருக்காரே, வேட்டி சட்டை போட்டா அப்பா மாதிரியேதான் இருப்பார். அப்பாவுக்கும் ஆள் மாத்திடலாம்.”

பூனை அதற்கும் தயாராகத்தான் இருந்தான். ஆனால் துறை அலுவலகத்திலிருந்து அப்பாவுக்கு முன்பே போன் போய்விட்டது. அவர் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் குடையோடு வந்து இறங்கினார். வாசலில் நின்ற மகனைத் தாண்டி நடந்தார். நேரே பலகையிடம் போனார். கைக்குட்டையை எடுத்துத் தன் பெயர் மீதிருந்த தூசியைத் துடைத்தார்.

“இந்தப் பேருக்கு எவ்வளவு பெரிய அவமானம்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பூனை தாங்கியிருப்பான்.

மணிக்கூண்டின் அறையில் தலையணை ஏற்கெனவே கைகட்டி நின்றிருந்தான். பூனை அவன் பக்கத்தில் போய் நின்றான். விறுவிறுவென்று நடந்து வந்த அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் கையிலிருந்த குடை தரையில் விழுந்தது. பேராசிரியர் என்றால் அப்பாவுக்கு எத்தனை மரியாதை என்று பூனை நினைத்துக்கொண்டான்.

“வாங்க சார், உட்காருங்க” என்றார் மணிக்கூண்டு. “இதோ நிக்கறானே, இவன்தான் பதினேழு. உங்க பையன்.” அவர் விரல் தலையணையைக் காட்டியது. “வகுப்புக்கு வர்றதில்லை, வந்தா தூங்கறான். பக்கத்துல நிக்கறவன் நாற்பத்திரண்டு. ஒரு வகுப்பு விட்டதில்லை. என்ன அறிவு, என்ன பேச்சு! எனக்கு இப்படியொரு மாணவன் கிடைச்சு ரொம்ப நாளாச்சு. இவனைப் பார்த்துக் கத்துக்கச் சொல்லுங்க உங்க பையனை.”

பூனை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அப்பா ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ளாதவர். இதோ, இப்போது வெடிக்கப்போகிறார்.

வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பாவின் நெற்றியெல்லாம் வியர்வை. மின்விசிறி முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மெல்ல உள்ளே வந்து தலையணையின் தோளில் கைபோட்டார்.

“ஆமாம் சார். இவன்... என் பையன்தான். இனிமே ஒழுங்கா வருவான்.” அப்புறம் பூனையைப் பார்த்தார். “இந்தத் தம்பியைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க.”

பூனைக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தனக்காக அப்பா பொய் சொல்லிவிட்டார். காய்ச்சலிலும் மழையிலும் வகுப்புக்குப் போன மனிதர், தன் மகனை இன்னொருவன் மகன் என்று சொல்லிக் காப்பாற்றுகிறார். இதற்கு மேல் அவனால் முடியவில்லை.

“சார், பதினேழு நான்தான். இவர் எங்கப்பா. இவன்தான் நாற்பத்திரண்டு. தப்பு என்னோடது.”

யாருடைய குரலையும் இரவல் வாங்காமல் அவன் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“தெரியும்” என்றார் மணிக்கூண்டு. “நான் குரலைக் கேட்டு வருகை போடறதில்லை, கூப்பிட்டு முடிச்சப்புறம் முகத்தைப் பார்த்துப் போடறேன். பதினேழு, உனக்கு முழு வருகை இருக்கு. போய்ப் பரீட்சைக்குப் படி. இனிமே எங்கிட்டப் பேசறதை உன் நம்பரிலேயே பேசு. நாற்பத்திரண்டு, நீ லீவு முழுக்க வரணும், காலையில, தினமும்.”

தலையணை சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பூனைக்கு நம்ப முடியவில்லை. “முதல் நாளே தெரியுமா சார்? அப்புறம் ஏன் சார் என்னை முன் பெஞ்ச்சுல போட்டு இவ்வளவு நாள்...”

“என்னை மாதிரி நீயும் ஏமாந்துடக்கூடாதுன்னுதான். இல்லாதவனுக்குக் குரல் குடுத்தா இருக்கிறவன் காணாமப் போயிடுவான்னு நீயே உட்கார்ந்து பார்க்கணும்னு விட்டேன்.”

“உங்களை மாதிரியா?”

மணிக்கூண்டு எழுந்து போய்க் கீழே கிடந்த குடையை எடுத்தார். அதை அப்பாவின் கையில் கொடுத்து, அவருடைய தோளை அழுத்தினார்.

“தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தாண்டா வகுப்புக்குப் போறேன், போர்வை. அதுல பேருதான் உன்னுது, உள்ளேன் ஐயா எல்லாம் என்னுது.”