ஆறாம் மாடிக் கண்ணேறு

ஏதென்ஸின் கிப்செலிப் பகுதியில் வாடகைக்கு விட வீடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த வசந்தத்தில் ஒரே பெயரைத்தான் செபித்தார்கள்: அகிசிலாஸ்! காலி வீட்டுக்குள் நுழைவாராம். கொட்டாவி விடுவாராம். கண்ணேறு ஓடிவிடுமாம். கொட்டாவி எவ்வளவு பெரிதோ, கண்ணேறும் அவ்வளவு பெரிது, கட்டணமும் அப்படியே! குழாய் ஒழுகுகிறது என்று குடியிருப்பவன் கதறினால் காது கேட்காத கனவான்கள், இவர் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்.

எங்கள் கட்டடத்து லெஃப்தெரிஸும் போய் விழுந்தார். பாவம், கப்பல் கப்பலாக ஏறிச் சமையல்காரராக வேலை பார்த்து, வேர்வை சிந்தி வாங்கிய வீடு. ஆறாம் மாடி. அவரும் மனைவி அர்கிரோவும் அந்த வாடகையை நம்பித்தான் முதுமையைக் கழிக்க இருந்தார்கள். வீடோ நெடுநாளாகக் காலியாகவே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை அகிசிலாஸ் எழுந்தருளினார். மற்ற வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே படியேறினார்கள். லிஃப்ட் எப்போதோ நின்றுபோனது. பழுது பார்க்க யார் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டை மட்டும் நிற்கவில்லை. மூச்சு வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தவர்கள், "இந்த வீட்டுக்கு ஏன்தான் யாரும் வரமாட்டேங்கிறாங்களோ!" என்று வியந்தார்கள்.

ஒரு குவளைத் தண்ணீர் வைக்கப்பட்டது. அதில் எண்ணெய் விட்டு, மிதந்தால் வீடு சுத்தம், கரைந்தால் கண்ணேறு என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அகிசிலாஸ் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துச் சொட்டு விட்டார். கரைந்தது! குகை திறந்தது போல ஒரு கொட்டாவி விட்டார். கண்ணேறு தங்கள்மேல் ஒட்டாமலிருக்கக் கூட்டம் "ஃப்தூ, ஃப்தூ" என்று துப்பியது.

"ஐயா, இது தீராத கண்ணேறு. கிடைச்ச விலைக்கு வித்துத் தலைமுழுகிடுங்க" என்றார் அகிசிலாஸ்.

என்ன தெய்வச் செயல்! வாங்குவதற்கு அகிசிலாஸின் மச்சானே கதவோரம் தயாராக நின்றான், பாதி விலையோடு, விற்பனைத் தாளோடு, பேனாவோடு.

லெஃப்தெரிஸ் பேனாவை வாங்கினார். அவர் கண் கலங்கியது.

"ஏங்க, கொஞ்சம் இருங்க" என்றாள் அர்கிரோ. வாசலில் உடைக்க அகிசிலாஸ் கொண்டுவரச் சொன்ன முட்டைகள் அவள் கையில் இருந்தன. "இவ்வளவு தூரம் படியேறி வந்திருக்கார். ஒரு முட்டையாவது பொரிச்சுக் குடுக்கறேன். சாமி, அந்த எண்ணெயைக் குடுங்க."

"அம்மா, இது சாப்பிடற எண்ணெய் இல்லம்மா!"

"எண்ணெய்தானே?"

"எண்ணெய்தான்... ஆனா மந்திரிச்சது."

"அப்போ முட்டை இன்னும் ருசியா இருக்கும்."

குப்பியை வெடுக்கெனப் பிடுங்கினாள். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன வாணலியை அடுப்பில் சூடாக்கி, அதில் குப்பியைக் கவிழ்த்தாள். 'சொய்' என்று ஆவி எழுந்தது. எண்ணெய் காணோம்! பழுப்பாக ஏதோ வாணலியில் ஒட்டியது. உடைத்து ஊற்றிய முட்டை பசை போட்டதுபோலப் பிடித்துக்கொண்டது. அறை முழுவதும் கருகிய சர்க்கரை வாசம்.

லெஃப்தெரிஸ் குப்பியில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நக்கினார்.

"சர்க்கரைத் தண்ணி! மஞ்சள் சாயம் வேற!" என்று அலறினார். ஆயுள் முழுக்க எண்ணெயோடு புழங்கிய சமையல்காரர், அகிசிலாஸின் எண்ணெயை அப்போதுதான் ருசி பார்த்தார்.

"சாமி, உங்க இன்னொரு சட்டைப் பையில என்ன?" என்றாள் அர்கிரோ. அங்கே இன்னொரு குப்பி; அசல் ஆலிவ் எண்ணெய், மிதக்கவேண்டிய வீடுகளுக்கு. மச்சானைத் தேடினால், அவன் நாலாம் மாடியைத் தாண்டிவிட்டான். அகிசிலாஸும் பின்னாலேயே உருண்டார். கண்ணேறு ஓடியதைக் கண்ணால் கண்டோம்!

"இந்தாளுக்குக் குடுக்க வச்சிருந்த காசை லிஃப்ட் பழுதுபாக்கப் போடுங்க, எல்லாருந்தான்" என்றாள் அர்கிரோ. லெஃப்தெரிஸ் விற்பனைத் தாளைக் கிழித்துப் போட்டார்.

அப்போதும் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "இவன் போலி, சரி. நல்ல ஆளா வேற யாராவது தெரியுமா?"

ஐயா வீட்டுக்காரர்களே! குடிவருகிறவனிடம் சம்பளச் சீட்டு கேட்கிறீர்கள், முன்பணம் கேட்கிறீர்கள், ஏழு தலைமுறை விசாரிக்கிறீர்கள். உங்கள் தலைக்குள் குடியேற வருகிறவனிடம் மட்டும் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?