மூன்றாம் மாடி ஏறிய நாற்காலி

ஒரு பெண்ணை மூன்றாம் மாடிக்கு ஏற்ற உலகத்தில் ஆயிரம் வழி இருக்கலாம். பாகுபாடு இல்லாமல் ஏற்றும் வழி ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்த பெருமை துனீசியக் கடற்கரையில் இருக்கும் ஒரு சட்டக் கல்லூரியைச் சேரும். கண்டுபிடிக்க இரண்டு வருஷமும் பதினோரு கூட்டமும் ஆயின. பதினோரு கூட்டத்துக்கும் காபி சுமந்த கடைநிலை ஊழியர் கமாயிஸ் இதற்குச் சாட்சி.

அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் சுத்தக் காட்டுமிராண்டித்தனம். லிஃப்ட் கெட்டு ஆறு வருஷம். உள்ளே துடைப்பம் வைத்திருந்தார்கள். மாணவி மப்ரூக்கா தெற்கே காபிஸிலிருந்து வந்தவள். கருப்பினத்தவள். சிறு வயதுக் காய்ச்சலில் இரண்டு காலும் ஓய்ந்துபோய், சக்கர நாற்காலியில் இருப்பவள். தினமும் காலையில் கமாயிஸும் காவலாளிகள் இரண்டு பேரும் அவளை நாற்காலியோடு தூக்கி, கால்பந்து மைதானத்துப் பாட்டைக் கத்திக்கொண்டே நாலு நிமிஷத்தில் மேலே வைத்துவிடுவார்கள். அவளும் சேர்ந்து கத்துவாள். இது வெறும் ‘தர்மம்’ என்றும், தர்மம் கண்ணியத்துக்குக் கேடு என்றும் ஏழாவது கூட்டம் கண்டறிந்தது.

பதினோராவது கூட்டம் தீர்வு சொன்னது. மப்ரூக்காவுக்கு இழைக்கப்படுவது ஒரு பாகுபாடு அல்ல, நான்கு. நான்கும் அவள் ஒருத்தியிடம் வந்து கூடுகின்றன. ஆகவே கல்லூரியின் பெண்கள் பிரிவு, நிறப் பிரிவு, ஊனமுற்றோர் பிரிவு, பின்தங்கிய மாவட்டப் பிரிவு ஆகிய நான்கும் ‘ஒருங்கே’ அவளைத் தூக்க வேண்டும். நாற்காலிக்கும் மூலை நாலு. இப்படி ஒரு பொருத்தம் கல்யாணத்தில்கூட அமையாது.

வெள்ளோட்டத்துக்கு இறுதித் தேர்வு நாளைக் குறித்தார்கள். எட்டரை மணிக்கு நான்கு பிரிவுத் தலைவர்களும் தோளில் பட்டை அணிந்து மாடிப்படிக்குக் கீழே அணிவகுத்தார்கள்.

“நானும் ஒரு கை குடுக்கறேன் மேடம்” என்று கமாயிஸ் முன்னால் வந்தார்.

“நீங்க எந்தப் பிரிவு?” என்று கேட்டார் பெண்கள் பிரிவுத் தலைவி மேடம் ரௌதா.

“கூலி வேலைங்க. பதினெட்டு வருஷமா.”

“அதுக்கு இன்னும் பிரிவு திறக்கலை. தள்ளி நில்லுங்க.”

மப்ரூக்கா கமாயிஸைப் பார்த்தாள். “சித்தப்பா, ஒன்பதேகாலுக்குப் பரீட்சை ஹால் கதவைச் சாத்திடுவாங்க. இந்தப் பேப்பர் போனா ஒரு வருஷம் போச்சு, ஹாஸ்டல் ரூமும் போச்சு.”

“கவலைப்படாத புள்ள. படிச்சவங்க தூக்கறாங்க.”

எந்தப் பிரிவு முதல் அடி எடுத்து வைப்பது என்று முடிவாகவே இருபது நிமிஷம் ஆனது. ஒருவழியாக இரண்டாம் மாடி தாண்டியபோது, தாமதமாக வந்த மாணவன் ஒருவன் இடித்துக்கொண்டு மேலே ஓடினான்.

“ஏ கருப்பி! தெற்குலேருந்து நொண்டிக்கிட்டு வந்துட்டா! பொட்டச்சிக்குப் படிப்பு ஒரு கேடு!”

மேடம் ரௌதாவுக்குப் புல்லரித்துவிட்டது. “ஒரே மூச்சுல நாலும்! இதுக்குத்தானே ரெண்டு வருஷமா பயிற்சி எடுத்தோம்!”

நாற்காலியை அங்கேயே மாடிப்படித் திருப்பத்தில் இறக்கினார்கள். நான்கு நோட்டுகள் திறந்தன.

“‘பொட்டச்சி’ எங்களுது.”

“‘கருப்பி’ நம்ம பிரிவு.”

“‘நொண்டி’ எனக்கு எழுதிக்குங்க.”

“தெற்கு என் மாவட்டம் சார், கை வைக்காதீங்க!”

“அப்ப அந்தக் ‘கேடு’?” என்றார் நிறப் பிரிவு. சபை திகைத்தது. ‘கேடு’ என்பதை நான்காகப் பிரிப்பதா, சுழற்சி முறையில் வைத்துக்கொள்வதா என்று விவாதம் சூடு பிடித்தது.

“மேடம், திட்டு எனக்கு” என்றாள் மப்ரூக்கா. “மொத்தமும் எனக்குத்தான். பரீட்சைக்கு அப்புறம் பங்கு போட்டுக்கலாமே?”

“ஷ்! பாதிக்கப்பட்டவங்க பேச அஞ்சாவதா நேரம் ஒதுக்கியிருக்கோம். இப்பத்தான் ரெண்டாவது நடக்குது.”

மணி ஒன்பது ஏழு. கமாயிஸ் நாற்காலியில் கை வைத்தார். “தொட்டா விதிமீறல்!” என்று ஊனமுற்றோர் பிரிவு அலறியது.

“வேணாம் சித்தப்பா, உங்க வேலைக்கு உலை வெச்சுடுவாங்க” என்ற மப்ரூக்கா நாற்காலியிலிருந்து சரிந்து இறங்கினாள். முதுகை மாடிப் பக்கம் திருப்பி, கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கிப் போட்டாள்.

கமாயிஸ் தோள் துணியை உதறினார். “படி துடைக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்குல்ல?” அவளுக்கு முன்னால் ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டே ஏறினார். இருபத்திரண்டு படி. கீழே விவாதம் மூன்றாவது அம்சத்துக்குப் போயிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அவள் கதவை எட்டியபோது மணி ஒன்பது பதினேழு. மேற்பார்வையாளர் கண்ணாடி வழியாகக் கையை விரித்தார்.

“ரெண்டு நிமிஷம் லேட்டும்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். பாகுபாடு பாக்க முடியாது.”

உள்ளே, திட்டிவிட்டு ஓடியவன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் கீழே கைதட்டல் கேட்டது. நான்கு பிரிவும் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் மேலே வந்து சேர்ந்தன. புகைப்படம் எடுக்கப்பட்டது. ‘நாற்காலி எவ்விதப் பாகுபாடுமின்றி மூன்றாம் மாடியை அடைந்தது’ என்று அமைச்சகத்துக்கு அங்கேயே அறிக்கையும் தயாரானது.

“பாத்தீங்களா, எவ்வளவு சுலபமா ஏறிடுச்சு!” என்று பூரித்தார் மேடம் ரௌதா.

தரையில் உட்கார்ந்திருந்த மப்ரூக்கா, தோல் உரிந்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டே நிமிர்ந்தாள். “நல்லாத் தூக்குனீங்க மேடம். நடுவுல இடைஞ்சலா இருந்தது நான் ஒருத்திதான். அதையும் குறிச்சுக்குங்க.”

நான்கு பேரும் குறித்துக்கொண்டார்கள்.