சின்னக் கெமிஸ்ற்றிக்கு ஒரு ‘வுய்’

வில்லியே லே பெல்,
பங்குனி 2022.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தான் வரதராசா மாஸ்ரர் அவர்கட்கு,

பாரிசிலிருந்து மைத்துனன் குணரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன். நாங்களும் இவ்விடம் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் ஆயுள் முழுக்க ஊர்ப்பிள்ளைகளுக்குக் கெமிஸ்ற்றி படிப்பித்த தங்களிடம் பொய் எழுதக் கை வரவில்லை. தங்கள் மருமகள், என் மகள் சுபாங்கி, அதே கெமிஸ்ற்றியில் என்னைக் கவிழ்த்துவிட்டாள்.

இவ்விடத்து முறை தங்களுக்குத் தெரியாது. பதினைந்து வயதிலேயே எந்தக் கெமிஸ்ற்றி என்று பிள்ளை முடிவெடுக்க வேண்டும். பெரிசு, சின்னன் எண்டு ரெண்டு இருக்கு. பெரிசைப் படிச்சால் டொக்டர், எஞ்சினியர் பக்கம் போகலாம். சின்னனைப் படிச்சால் நாலு வருசத்திலை ஏதோ ஆய்வுகூடத்திலை வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போத்தல் கழுவுறதாம். இது லா சப்பலிலை சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிற இராஜேந்திரன் அண்ணை சொன்னது. அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை, எண்டாலும் பாரிசிலை உள்ள பள்ளிக்கூடமெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவுறது காணாதே அத்தான், என்ரை பிள்ளை போத்தலும் கழுவோணுமே? அண்டைக்கே அவரின்ரை கடையிலை நிண்ட எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் குடுத்து, என்ரை பிள்ளை பெரிய கெமிஸ்ற்றிதான் எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளையை ஒரு வார்த்தை கேக்கேல்லை.

பிறகு பள்ளிக்கூடத்திலை தாய் தகப்பனைக் கூப்பிட்டினம். மனிசி கோசலைக்கு வேலை, நான்தான் போனன். இஞ்சை எங்கடை வீடுகளிலை மொழிபெயர்ப்பெல்லாம் பிள்ளையள்தான். டொக்டரிட்டைப் போனாலும், கரண்ட் காரரோடை சண்டை பிடிச்சாலும் பிள்ளைதான் எங்களுக்கு வாய். அண்டைக்கும் சுபாங்கிதான் நடுவிலை இருந்தவள். கெமிஸ்ற்றி மடாம் சிரிச்சுச் சிரிச்சு கன நேரம் கதைச்சா. இவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு, “என்ரை மூளைக்குப் பெரிசு சரிவராதாம் பப்பா, சின்னன்தான் நல்லதாம்” எண்டாள். இதைப் போய் இளிச்சுக்கொண்டு சொல்லுறாவே, இவவும் ஒரு மனிசியோ எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்துது.

ஒரு தகப்பன் அந்த இடத்திலை என்ன சொல்லோணும்? ஏலாது எண்டு மேசையிலை அடிச்சுச் சொல்லோணும். நான் என்ன சொன்னன் தெரியுமே? “வுய், மடாம்.” ஓம் எண்டு போட்டன் அத்தான்! விசாவுக்கு அலைஞ்ச காலத்திலை பழகின வாய். கந்தோர் மேசைக்கு அங்காலை ஒரு வெள்ளைக்காரர் இருந்தால் போதும், என்ன கேட்டாலும் ‘வுய்’தான். சுபாங்கி அவவுக்கு என்னவோ சொன்னாள். மடாமின்ரை முகம் செத்துப்போச்சு. என்னைப் பாத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டா. நானும் திருப்பித் திருப்பி ‘வுய்’ சொன்னன்.

இப்ப அந்தக் கடை இருக்கிற ரூ பெர்தொனே தெருப் பக்கம் தலைகாட்டேலாது. இராஜேந்திரன் அண்ணையின்ரை கண்ணிலை படாமல் ரெயில் எடுக்க ஊரைச் சுத்தி நடக்கிறன். கோசலை என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை, கறியிலை உப்பும் இல்லை. குசினியிலை குனிஞ்சு குனிஞ்சு முதுகும் நாரியும் போட்டுது. இந்த நாரி இன்னும் நாலு வருசத்துக்கு மேலை தாங்காது எண்டு போன மாசமே கோசலைக்குச் சொல்லி அழுதனான். எல்லாம் இந்தப் பிள்ளை ஒரு நிலைக்கு வந்திடுவாள் எண்டுதானே அத்தான் தாங்கிக்கொண்டு நிண்டனான்.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து ஞாயிறு தோறும் வாட்ஸ்அப்பிலை இவளுக்கு ரியூசன் குடுக்கோணும். இவ்வளவு தூரத்திலை இருந்து அடிக்கேலாது, ஏசலாம். அக்காவுக்கு மூச்சும் விடவேண்டாம், விட்டால் கனடா வரைக்கும் போயிடும்.

தங்கள் பாதம் பணிந்து, அக்காவுக்கு அன்பும், சின்னவர்களுக்கு ஆசியும் கூறி அமையும்,
மைத்துனன் குணரத்தினம்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லிச் சுபாங்கியிட்டைத்தான் குடுத்தனான். சனிக்கிழமையளிலை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான் எண்டது மறந்துபோச்சு. முழுக்க வாசிச்சிட்டு இருந்து அழுகிறாள். மடாம் அப்பிடிச் சொல்லவே இல்லையாம். வகுப்பிலை இவள்தான் முதலாம் ஆளாம், கட்டாயம் பெரிசுக்கு விடுங்கோ எண்டுதான் சிரிச்சவவாம். அப்பாவுக்குச் சின்னன்தான் விருப்பம் எண்டு சொன்னது இவளாம். ஏனடி பிள்ளை இப்பிடிச் செய்தனி எண்டு கேட்டன். “டொக்டருக்குப் பத்து வருசம் படிக்கோணும் பப்பா. உங்கடை நாரி நாலு வருசம்தான் எண்டு அம்மாவுக்குச் சொன்னனீங்கள், கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான்” எண்டாள். அத்தான், ரியூசன் வேண்டாம். நாளைக்கு நான் தனியப் பள்ளிக்கூடம் போறன். நடுவிலை ஆள் வேண்டாம். சின்னனோ எண்டு மடாம் கேட்டால் ஒரே ஒரு சொல்லுத்தான், ‘நோன்’, ஏலாது. கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பழகிப் பாக்கிறன். வாயைத் திறந்தால் ‘வுய்’ எண்டுதான் வருது.